மெழுகுவர்த்திச் சுற்றில் அழுதவள்

எங்கள் ஊர் ஆகஸ்ட் வெயிலில் கோழி அவித்த முட்டையாகவே இடும். நம்பாதவர்கள் அலபாமாவுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். அந்த வெயிலில்தான், முத்துமாலையும் தேவாலயத்துக்குப் போடும் கவுனுமாக, புதிதாகக் கல்லூரிக்கு வந்த பெண் பிள்ளைகள் சங்கத் தெருவில் வரிசை கட்டுவார்கள். வரிசையின் தலை எங்கள் தெருவில் இருந்தால் வால் பக்கத்து மாநிலத்தில் இருக்கும்.

தெருவின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய வீடுகள். வீட்டுக்கு ஒரு மாணவியர் சங்கம்; சேர்ந்தவர்கள் அக்கா தங்கைகளாக அங்கேயே தங்கிப் படிப்பார்கள். சேர்ப்பு வாரம் முழுக்க இந்தப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சிரிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் மாலையும் வீடுகள் சில பெண்களைக் கழித்துவிடும். பெண்களும் சில வீடுகளைக் கழிப்பார்கள். கடைசியில் ஒருத்திக்கு இரண்டே வீடு மிஞ்சும். முதலில் எது, அடுத்தது எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். துணிச்சல்காரிகள் ஒரே வீட்டை மட்டும் எழுதுவார்கள். அந்த வீடு கைவிட்டால் நடுத்தெருதான். அழைப்பு வந்து ஒப்புக்கொண்டு உள்ளே போய்விட்டால், அந்த வருஷம் வேறு வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவள்தான். நடந்தால் செருப்பு கிறீச்சிடுகிறது என்று இரண்டாம் நாளே கழித்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் அன்றிலிருந்து கிறீச்சிடாத செருப்பை நான் விலைக்கு வாங்கியதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், என்னைக் கழித்த அதே வெள்ளைத் தூண் வீட்டுக்கே வருஷா வருஷம் பியானோ வாசிக்கப் போக ஆரம்பித்தேன். கிறீச், கிறீச் என்று அவர்கள் பளிங்குத் தரையில் நடந்து போய் உட்காருவதில் ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அதைச் சொல்லி மாளாது.

பியானோக்காரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. நாற்காலிக்குக் காது இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. எனக்கும் இருப்பதாக நினைக்க மாட்டார்கள்.

அந்த வீட்டின் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பெண்கள் காத்து நிற்பார்கள். நான் பியானோவின் முதல் கட்டையைத் தட்டியதும் இரட்டைக் கதவு படாரென்று திறக்கும். நிலைப்படியிலிருந்து மேல் சட்டம் வரை முகங்கள். ஒருத்தி மண்டியிட்டு, அவளுக்குப் பின்னால் ஒருத்தி குனிந்து, அதற்குப் பின்னால் நாற்காலி மேல் ஒருத்தி, ஏணி மேல் ஒருத்தி என்று செங்கல் அடுக்கினாற்போல் அடுக்கியிருப்பார்கள். எல்லா வாயும் ஒரே அளவுக்குத் திறந்து பாடும். முகங்களின் இடுக்குகளிலிருந்து கைகள் நீண்டு தட்டும். எந்தக் கை எந்த முகத்துடையது என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது. அத்தனை பற்களின் வெளிச்சத்தில் நான் கண்ணாடி இல்லாமல் சுரம் படித்திருக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் அந்த வாய்க்குள் ஒவ்வொருவராகப் போவார்கள். கதவு மூடிக்கொள்ளும்.

அந்த வருஷம் வரிசையில் வின்னி நின்றாள். வின்னி பேட்டன், என்னிடம் பியானோ படித்தவள். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. வசந்த காலத்தில் மகரந்தத் தூள் பறக்க ஆரம்பித்தால் அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தில் என் பியானோ காணாமல் போகும். பையில் எப்போதும் அந்த மூச்சு மருந்துப் பம்பு இருக்கும். வாயில் வைத்து இரண்டு அழுத்து அழுத்திவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள். இன்னொன்று, பயம் வந்தால் அவளுக்குத் தாளம் தப்பும். பரீட்சைக்கு வந்தவர் முன்னால் உட்கார வைத்தால் நாலு தட்டுக்கு ஐந்து தட்டுவாள்.

அவளுடைய அக்கா கார்லிஸ் ஏற்கெனவே வெள்ளைத் தூண் வீட்டுக்காரி. அக்கா போன இடத்துக்கே போக வேண்டும் என்பது வின்னிக்குப் பால்பல் விழுவதற்கு முன்னால் வந்த ஆசை. ஆனால் கோடை விடுமுறையில் கார்லிஸ், "நீ வேற எந்த வீட்டுக்கு வேணா போ, எங்க வீட்டுக்கு மட்டும் வராத" என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. தங்கை கூடவே ஒட்டிக்கொள்வாள் என்று அக்காவுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று வின்னி நினைத்துக்கொண்டாள்.

ஏன் என்பது சேர்ப்பு வாரத்துக்கு முன்பு, ஒத்திகை நாளில் எனக்குத் தெரிந்தது.

ஒத்திகை என்றால் பாட்டு ஒத்திகை மட்டும் இல்லை. அழுகை ஒத்திகையும் உண்டு. கடைசி நாள் மெழுகுவர்த்திச் சுற்றில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தி, வந்த பெண் ஒவ்வொருத்தியையும் ஆளுக்கு ஒருத்தியாக எதிரே உட்கார வைத்து, 'நீ இல்லாமல் இந்த வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை' என்று சொல்லிக் கண்ணீர் விட வேண்டும். மூன்றாவது சரணத்தில் கண் நிறைய வேண்டும், நான்காவதில் ஒரு சொட்டு விழ வேண்டும், மை கலையக் கூடாது. கண்ணைச் சிமிட்டாமல் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக வரும். சில கெட்டிக்காரிகள் இடது கண்ணில் மட்டும் வரவழைப்பார்கள். சத்தியமாக!

ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் சுரத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவி மெரிட் லாங்ஷோர் கார்லிஸின் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். மெரிட்டின் குரல் இருக்கிறதே, பாகில் ஊறப்போட்ட பீச் பழம். கேட்டாலே பல் சொத்தையாகும்.

"கார்லிஸ் கண்ணு, உன் தங்கச்சி நம்ம வீட்டுக்கு வரப்போறாளாமே? எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

"அவ வேண்டாம், மெரிட். முதல் நாளே கழிச்சிடு. உன் கால்ல விழறேன்."

"ஐயோ, யாராவது சொந்தத் தங்கச்சிய இப்படிச் சொல்வாங்களா?"

"அவளுக்கு ஆஸ்துமா. அந்த ஐஸ் கிடங்குல அவளால ஒரு பாட்டு நேரம்கூட இருக்க முடியாது. டெல்லா ரேவுக்கு ஒரு வியாதியும் இல்ல. அவளையே எப்படித் தூக்கிட்டு வந்தோம்னு மறந்துட்டியா?"

அடுக்கி முடித்த தாள்களை நான் மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் பாதி பூமிக்குள் இறங்கிய செங்கல் அறை ஒன்று உண்டு. குளிர்பெட்டி வருவதற்கு முந்தின காலத்தில் ஐஸ் கட்டிகளை வைக்கோல் போட்டு மூடி வைத்த இடம். ஜன்னல் கிடையாது. ஒரே ஓர் ஓக் கதவு. புதிதாகச் சேர்ந்தவர்களை அதற்குள் விட்டுப் பூட்டி, வெளியே நின்று சங்கத்துப் பாட்டை முழுக்கப் பாடி முடித்த பிறகு திறப்பதுதான் அந்த வீட்டு வழக்கம் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். போன வருஷம் புதிதாகச் சேர்ந்த டெல்லா ரே, பாட்டு நடுவிலேயே உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. பாட்டு முடியட்டும் என்றிருக்கிறாள் மெரிட். சாவி கார்லிஸ் கையில். தட்டும் சத்தம் நின்ற பிறகும் பாட்டு முடியவில்லை. டெல்லா ரே ஓடும்போது விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் பொய் சொன்னார்களாம். அவள் இப்போது மொபீல் நகரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறாள். குளியலறைக் கதவைக்கூட மூட விடுவதில்லையாம்.

"இந்த வாரம் முடியட்டும், நான் காலேஜ் டீன்கிட்ட போய்ச் சொல்லத்தான் போறேன்" என்றாள் கார்லிஸ்.

மெரிட் அவள் கன்னத்தைத் தடவினாள். "தாராளமா சொல்லு, தங்கம். ஆனா அதுக்குள்ள உன் தங்கச்சி நம்மள்ல ஒருத்தியா இருப்பா. சொந்தத் தங்கச்சி இருக்கிற வீட்டுக்கு யாராவது நெருப்பு வைப்பாங்களா? அதுவும் சாவி யார் கையில இருந்துச்சுன்னு அவளுக்கே தெரியற மாதிரி?" பிறகு திரும்பி என்னைப் பார்த்து முழு வாயும் சிரித்தாள். "மிஸ் இமோஜீன், எலுமிச்சை கேக் எடுத்துக்கிட்டீங்களா? உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன்."

கேக் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கடியோடு மீதியைத் தாளில் சுற்றி வைத்துவிட்டேன்.

சேர்ப்பு வாரத்தில் வீட்டுக்காரிகள் வரிசைப் பெண்களோடு வெளியே பேசக் கூடாது என்பது சட்டம். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் கூடாது. கைப்பேசிகளைக் கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள்ளே பேசலாம் என்றால், இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் இன்னொருத்தி வந்து தோளைத் தொடுவாள். எழுந்து இடம் விட்டுவிட வேண்டும். பேச்சு அறுந்தது தெரியாமல் அடுத்தவள் அதே சிரிப்போடு தொடர்வாள். முதல் நாளே நான் பார்த்தேன். கார்லிஸ் வின்னியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். தோளில் ஒரு கை. இரண்டாம் நாள் பூக்கூடைக்குப் பக்கத்தில் பிடித்தாள். தோளில் ஒரு கை. அந்த வீட்டில் எத்தனை கைகள் இருந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவே எப்படியும் சொல்லிவிடுவாள் என்று நானும் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

கடைசி நாள் வந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பட்டப் பகலை உள்ளே வராமல் செய்திருந்தார்கள். அறை முழுக்க மெழுகுவர்த்திகள். அந்தப் புழுக்கத்தில் ஒரு கொசு மயங்கி என் பியானோக் கட்டை மேல் விழுந்தது. மெரிட்தான் இடம் ஒதுக்கினாள். வின்னிக்கு எதிரே கார்லிஸ். கார்லிஸின் தோளுக்குப் பின்னால், அணைத்துக்கொண்டு நிற்பவள் மாதிரி, மெரிட். பியானோவுக்கு மிக அருகில் அவர்கள் இருந்தார்கள்.

நான் வாசித்தேன். மூன்றாவது சரணம். சுற்றிலும் கண்கள் நிறைந்தன. நான்காவது. பொட்டு பொட்டென்று, அளந்து விட்டாற்போல் சொட்டுகள்.

கார்லிஸ் முதல் சரணத்திலேயே உடைந்துவிட்டாள். அது ஒத்திகை பார்த்த அழுகை இல்லை. முகம் கோணியது. மூக்கு ஒழுகியது. மை இரண்டு கறுப்புக் கோடாக வெள்ளைச் சட்டை வரைக்கும் ஓடியது. வின்னியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

"வின்னி... நீ இங்க வந்தா..."

"...எங்களுக்கு அதைவிட வேற என்ன வேணும்னு கேக்கறா" என்று மெரிட் முடித்து வைத்தாள். அவள் விரல்கள் கார்லிஸின் தோள் சதையில் புதைந்திருந்தன. "பாரு செல்லம், பேச்சே வரல உங்க அக்காவுக்கு. இந்த வீட்ல யாரும் யாருக்காகவும் இப்படி அழுததில்ல."

அது மட்டும் உண்மை. அதுதான் வினையாகப் போனது. முந்தின வீட்டில் ஒரு பெண் ஒற்றைக் கண்ணால் அழுததைப் பார்த்துவிட்டு வந்திருந்த வின்னி, மூக்கு ஒழுகும் அழுகையைப் பார்த்தாள். அன்றைக்கு அந்தத் தெருவில் அழுகை என்றால் ஒரே பொருள்தான்: எங்களிடம் வா. அதில் இதுதான் முதல் மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டாள். அவள் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனதை நான் பார்த்தேன்.

சுற்று முடிந்து வரிசை வெளியே போனபோது நான் கிறீச் கிறீச் என்று ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்திருந்தால் பந்தயக் குதிரைகள் வெட்கப்பட்டிருக்கும். மக்னோலியா மரத்தடியில் அவளைப் பிடித்தேன்.

"அடியே வின்னி, இந்த வீட்டை எழுதாத. உங்க அக்கா உன்னை வராதன்னு அழறா. உள்ள விட்டு ஐஸ் கிடங்குல பூட்டுவாங்க. போன வருஷம் ஒருத்தி செத்துப் பொழைச்சா."

வின்னி பையிலிருந்து பம்பை எடுத்து இரண்டு அழுத்து அழுத்தினாள். மூச்சு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மிஸ் இமோஜீன்! போன ஈஸ்டருக்கு அதே ஐஸ் கிடங்குல ஒரு ஜெனரலோட ஆவி பீச் ஐஸ்கிரீம் கடையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேற, இது வேற."

"ஆத்து மீன் ஒண்ணு புல்வெட்டற மெஷினை முழுங்கிடுச்சுன்னும் சொன்னீங்க."

"மெஷின் சின்னதுடி. விளையாடாத. ஆணையா சொல்றேன்."

"மீனுக்கும் ஆணைதான் போட்டீங்க." என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "அக்கா என்னை ஒதுக்கறான்னு கோடை முழுக்க அழுதேன், தெரியுமா? இன்னைக்கு அவ அழுதத நீங்களும் பாத்தீங்கல்ல? அது போதும் எனக்கு. இந்த ஒரே வீடுதான் எழுதப் போறேன்."

வரிசையை மேய்க்கிற பெண் ஒருத்தி வந்து, "பேச்சு நேரம் முடிஞ்சுது, மேடம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மீன் உண்மையிலேயே முழுங்கியது. யாரும் நம்ப வேண்டாம்.

மறுநாள் பியானோவை முன் வராந்தாவுக்கு உருட்டி வைத்திருந்தார்கள். தெருக்கோடியில் கால்பந்து மைதானத்தில் பெண்கள் தங்களுக்கு வந்த அழைப்பு உறைகளைப் பிரித்தார்கள். அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் போட்ட கூச்சலில் நகரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பி ஜார்ஜியாவுக்குக் குடிபோய்விட்டன. கூச்சல் ஓடி வந்தது. வழியெங்கும் அம்மாக்கள் கேமராவோடு. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்தவள் வின்னி.

வாசலில் முகங்கள் அடுக்கியாகிவிட்டது. கைகள் தட்டின. கதவுக்கு முன்னால் மெரிட், பக்கத்தில் கார்லிஸ். மெரிட் ஒரு வெள்ளை நாடாவை கார்லிஸின் கழுத்தில் மாலை போல் போட்டாள். நாடாவின் நுனியில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி.

"இந்த வருஷமும் சாவிக்காரி நம்ம கார்லிஸ்தான்!"

வீடு ஆர்ப்பரித்தது. வின்னி ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஓடி வந்ததில் மூச்சு இழுத்தது. கை பையைத் தேடியது. பை இல்லை. வாசற்படியிலேயே சிரித்த முகத்தோடு ஒருத்தி எல்லோர் பையையும் வாங்கிக்கொண்டிருந்தாள். "புதுசா வர்றவங்க வெறுங்கையோடதான் உள்ள வரணும், செல்லம். இன்னைக்கே உங்களுக்கு ஒரு சின்ன சடங்கு இருக்கு."

கார்லிஸ் என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். எத்தனையோ வருஷமாகக் கல்யாணத்திலும் சாவிலும் வாசித்திருக்கிறேன்; நடுச் சரணத்தில் கையை எடுத்ததே இல்லை. பாட்டு தடுமாறி ஒவ்வொரு வாயாக நின்றது. அந்த ஓட்டையில் கார்லிஸின் குரல் விழுந்தது.

"டெல்லா ரே உள்ள இருந்து கதவைத் தட்டினப்போ சாவி என் கையிலதான் இருந்துச்சு. நான் திறக்கல. வின்னி, நேத்து நான் அழுதது உன்னைக் கூப்பிட இல்லடி. போ. வீட்டுக்குப் போ."

ஒரு அம்மாவின் கேமரா மெதுவாகக் கீழே இறங்கியது.

"மிஸ் இமோஜீன்" என்றாள் மெரிட். சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. "ஒரு சுரம் விட்டுட்டீங்க போலிருக்கு. பரவால்ல, நாங்க பாத்துக்கறோம்." கையைத் தட்ட ஆரம்பித்தாள். வாசல் முழுக்க இருந்த கைகள் அவளோடு சேர்ந்துகொண்டன. பியானோ இல்லாமலே பாட்டு கிளம்பியது, முன்னைவிடச் சத்தமாக. கைகள் நீண்டன. புதுப் பெண்களை அள்ளின. வின்னியையும் அள்ளின. அவள் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே போனாள். கதவு மூடிக்கொண்டது. அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களும் தட்டினார்கள்.

வெளியே மிஞ்சியவர்கள் கார்லிஸும் நானும். அவள் கழுத்துச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன், கிறீச், கிறீச். ஐஸ் கிடங்கின் படிகளில் இறங்கி, ஓக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"வேற சாவி செஞ்சு வச்சிருப்பாங்க, மிஸ் இமோஜீன். மெரிட் அப்படிப்பட்டவ. ஆனா என்னைத் தூக்கி எறிஞ்சுட்டுத்தான் இந்தக் கதவைத் திறக்கணும்."

நான் மேல் படியில் உட்கார்ந்தேன். என் எடைக்கு என்னைத் தூக்கி எறிய ஒரு கிரேன் வேண்டும்.

பின்கதவு திறந்தது. வெள்ளை உடுத்தியவர்கள் இரண்டிரண்டு பேராகப் புல்வெளியில் இறங்கினார்கள். கூச்சல் இல்லை இப்போது. மெல்லிய தட்டு. சிரித்தபடியே நடந்து வந்து படிக்கட்டைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். நடுநடுவே புதுப் பெண்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க. வெயில் அப்படியே நின்றிருந்தது. சில்வண்டுகள்கூட வாயை மூடிக்கொண்டன. எல்லாக் கைகளும் ஒரே கையாகத் தட்டின. மெரிட் முன்னால் வந்து, குழந்தையைக் கூப்பிடுவது போலக் கையை நீட்டினாள்.

"எழுந்திரு, தங்கம். வழிய விடு. பாட்டு ஆரம்பிக்கணும்."

கார்லிஸ் அசையவில்லை.

அப்போதுதான் எனக்குக் கேட்டது. எல்லாக் கைகளுக்கும் நடுவே எங்கோ ஒரு ஜோடிக் கை தாளம் தப்பியது. நாலுக்கு ஐந்து தட்டியது. பிறகு முன்னால் ஓடியது, பின்தங்கியது. அதனடியில் விசில் மாதிரி மூச்சு இழுக்கும் சத்தம். நான் திரும்பவில்லை. அந்தக் கைகளை நான் சிறு வயதிலிருந்து அறிவேன்.

அது நின்றது. வட்டம் ஓர் இடத்தில் விலகியது. வெள்ளைக் கவுன் ஒன்று என்னை உரசிக்கொண்டு படியிறங்கிப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்தது.

"பம்பு உள்ள இருக்கு" என்றாள் வின்னி, மூச்சுக்கு நடுவே. "தரமாட்டேங்கறாங்க."

"மெதுவா மூச்சு விடு. என்னோட சேர்ந்து விடு" என்றாள் கார்லிஸ்.

மற்றவர்கள் யாரும் தட்டுவதை நிறுத்தவில்லை. இன்னும் ஓரடி நெருங்கி நின்றுகொண்டார்கள்.